பெயர் சொல்லிக் கூப்பிட்ட நகைகள்

சுண்டங்குளத்தில் அடகு வைத்த நகைகள் கூப்பிட ஆரம்பித்தது ஓர் ஆடி வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரத்தில். அன்றைக்கு மழையில்லை, இடியில்லை, எந்தக் கோயிலிலும் கொடைத் திருவிழா இல்லை. பஜாரில் பூக்காரி சொர்ணம் பிச்சிப்பூவை முழம் போட்டுக்கொண்டிருந்தாள், தீப்பெட்டி ஆபீஸ் வேன்கள் பெண்களை இறக்கிவிட்டுக்கொண்டிருந்தன, வட்டிக்கடை ஆறுமுகநயினார் சாமி படத்துக்குச் சூடம் காட்டிவிட்டு, தினமும் செய்கிற மாதிரி அந்தத் தட்டை அப்படியே இரும்புப் பெட்டிக்கும் ஒரு சுற்றுக் காட்டினார். அப்போது பெட்டிக்குள்ளிருந்து யாரோ "ஏ சிட்டு... சிட்டு..." என்று கூப்பிட்டார்கள். திருவிழாக் கூட்டத்தில் அம்மாவைத் தொலைத்த பிள்ளையின் குரல் மாதிரி இருந்தது. ஆறுமுகநயினார் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார். போன் சும்மா கிடந்தது. அதற்குள் இன்னொரு குரல் "ராசுக்குட்டி" என்றது, அதற்கும் அடியிலிருந்து ஒரு கம்மிய குரல் "கருவண்டு, ஏ கருவண்டு" என்றது, சூடம் அணைவதற்குள் பெட்டி முழுக்கப் பெயர்கள் நிறைந்து, வாசல் வழியாகப் பஜாருக்குள் வழிய ஆரம்பித்துவிட்டன.

சத்தம் ஒன்றும் பெரிய சத்தமில்லை. ஆனால் பஸ் ஹாரனையும் டீக்கடை ரேடியோவையும் தாண்டி, யார் காதில் விழ வேண்டுமோ அவர்கள் காதில் விழுந்தது. நகைகளுக்கு ரேஷன் கார்டில் இருக்கிற பெயர் தெரியாது, ஆதார் அட்டையில் இருக்கிற பெயர் தெரியாது. கழுத்திலும் காதிலும் கிடந்தபோது வீட்டுக்குள் எந்தப் பெயரைக் கேட்டனவோ அந்தப் பெயர்தான் தெரியும். அதனால் சங்கிலியும் கம்மலும் மூக்குத்தியும் மோதிரமும் தங்கள் ஆட்களைச் செல்லப் பெயர் சொல்லியே கூப்பிட்டன, இருட்டுகிறவரை கூப்பிட்டன, நன்றாக இருட்டியதும் அலுத்துப்போய் நிறுத்திக்கொண்டன. மறுநாள் அதே நேரத்துக்கு மறுபடியும் ஆரம்பித்தன.

கரண்டுக்காரர்கள் வந்து வயரையெல்லாம் கழற்றிப் பார்த்துவிட்டு எங்கள் சமாச்சாரம் இல்லை என்றார்கள். பூசாரி வந்து பெட்டி மேல் திருநீறு போட்டார். தும்மினது பூசாரிதான், பெட்டி சட்டை பண்ணவில்லை. போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஏட்டையா வந்து மீசையை ஒதுக்கிக்கொண்டு பெட்டியில் காதை வைத்தார். உள்ளேயிருந்து ஒரு மோதிரம் ஆசையாக "பப்புளி" என்றது. ஏட்டையா முகம் சிவந்து நிமிர்ந்து, இது கரண்டு சமாச்சாரம்தான் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

கூப்பிட்ட குரல்களுக்கு யாரும் "ஏன்" என்று பதில் கொடுக்கவில்லை. அது அந்த ஊர்ப் பழக்கம். விளக்கு வைக்கிற நேரத்தில் ஆள் தெரியாமல் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் சொல்லக்கூடாது என்று சுண்டங்குளத்தில் பால் மறக்காத பிள்ளைக்கும் தெரியும். பதில் சொன்னால், கூப்பிட்டது பதிலைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிடும், அப்புறம் அதைக் கிளப்புவது லேசில்லை. ஆகவே பஜாரில் நின்றவர்கள் எல்லோரும் தங்கள் பெயர் காதில் விழுந்ததும் தக்காளியைப் புரட்டினார்கள், செருப்பைக் குனிந்து பார்த்தார்கள், யாரைக் கூப்பிடுகிறது என்று பக்கத்து ஆளிடமே கேட்டார்கள்.

அந்த முதல் வெள்ளிக்கிழமை, தீப்பெட்டி ஆபீஸ் வேனிலிருந்து இறங்கிய சண்பகவடிவு ஒரு முழம் பூ கேட்டுக் காசை நீட்டிக்கொண்டு நின்றாள். அப்போது வட்டிக்கடைக்குள்ளிருந்து ஒரு குரல், வயதான குரல், வேலையாக இருந்துகொண்டே பிள்ளையைக் கூப்பிடுகிற அம்மாவின் குரல், "குப்பாச்சி... ஏ குப்பாச்சி..." என்றது. வடிவு பூவை வாங்காமலே, காசையும் திரும்ப வாங்காமலே வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

குப்பாச்சி என்பது வடிவின் பெயர் இல்லை. அது அவள் நாத்தனாரின் பெயர். நாத்தனார் உலகம்மாள், வடிவின் புருஷன் தளவாயின் அக்காள். அம்மா இல்லாத தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தவள், புருஷன் போன பிறகும் யாரிடமும் கை நீட்டாதவள், அவள் தெருவில் நடந்து வந்தால் சண்டை போட்டுக்கொண்டிருக்கிற பெண்கள் சேலையைச் சரி பண்ணிக்கொள்வார்கள். அவளுக்கு முன்னால் பிறந்ததெல்லாம் தங்காமல் போனதால், அவள் பிறந்ததும் அம்மாக்காரி குப்பைமேட்டில் ஒரு நிமிஷம் போட்டு எடுத்து, எமன் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று குப்பாச்சி என்றே கூப்பிட்டு வளர்த்தாள். அம்மா செத்ததும் அந்தப் பெயரும் செத்தது. தளவாய் ஒருநாள் சிரித்துக்கொண்டே பெண்டாட்டியிடம் சொன்னான், யாரிடமும் சொல்லிவிடாதே என்றும் சொன்னான். இப்போது அம்மாவின் சங்கிலி அதைப் பஜாரில் நின்று சொல்லிக்கொண்டிருக்கிறது.

சங்கிலி வட்டிக்கடைக்குப் போன கதை சின்னக் கதைதான், ஆனால் வடிவால் யாரிடமும் சொல்ல முடியாத கதை. மும்பையில் மருமகளுக்குப் பேறுகாலம் பார்க்கப் போன உலகம்மாள், பூட்டிய வீட்டில் தங்கம் கிடக்க வேண்டாம் என்று அம்மாவின் ரெட்டைவடச் சங்கிலியை வடிவின் கையில் கொடுத்தாள். ஆவணியில் மகள் மகராசிக்குக் கல்யாணம், அன்றைக்கு அவள் கழுத்தில் போட வேண்டிய சங்கிலி அது. அந்தச் சமயத்தில் மகளிர் குழுவில் கூட இருந்த மாரித்தாய் என்பவள் கடனை வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு ஊரைவிட்டே போய்விட்டாள். குழுக் கடனில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். மாரித்தாய்க்கு நான் பொறுப்பு என்று கையைத் தூக்கிச் சொன்னது வடிவு. தவணை நாள் வந்ததும் பணம் வசூலிக்கிறவனும் குழுப் பெண்கள் அத்தனை பேரும் வடிவு வீட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள், திட்டவில்லை, அடிக்கவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தார்கள். தளவாய் லாரியில் தீப்பெட்டி ஏற்றிக்கொண்டு வடக்கே போயிருந்தான். அவன் வருவதற்குள் வாசல் காலியாக வேண்டும் என்று வடிவு பின்வாசல் வழியாகப் போய்ச் சங்கிலியை வைத்துப் பணம் வாங்கிக் கொடுத்தாள். அடுத்த வாரமே அதே அச்சில் ஒரு கவரிங் சங்கிலி வாங்கி, பழைய பட்டுத்துணியில் சுற்றி, பீரோவில் இருந்த இடத்திலேயே வைத்தாள். ரெண்டு மாதத்தில் மீட்டுவிடலாம் என்று நினைத்தாள். மீட்பதற்குச் சேர்த்த பணம் வட்டிக்குப் போனது, வட்டிக்குச் சேர்த்த பணம் அரிசிக்குப் போனது, பயம் மட்டும் எதற்கும் போகாமல் வீட்டிலேயே இருந்தது.

ஊர் அதிசயத்துக்குப் பழகிக்கொண்ட விதம்தான் வடிவை இன்னும் நடுங்க வைத்தது. முதல் வாரம் பயந்தார்கள், ரெண்டாம் வாரம் பெஞ்சு போட்டார்கள். டீக்கடைக்காரன் வட்டிக்கடைக்கு எதிரே வாடகை நாற்காலி போட்டு, சாயங்கால வடையை ரெட்டிப்பாக்கினான். பக்கத்து ஊர்களிலிருந்து பிள்ளைகுட்டிகளோடு வந்து கேட்டுவிட்டு, இருட்டியதும் கடைசி பஸ்ஸைப் பிடித்துப் போனார்கள். ஆறுமுகநயினார் நகைகளைப் பஞ்சில் சுற்றிப் பார்த்தார், அரிசி மூட்டைக்குள் புதைத்துப் பார்த்தார். அரிசிக்குள்ளிருந்து கேட்டபோது குரல்கள் இன்னும் இரக்கமாக இருந்தன. கீழத்தெரு வட்டிக்கடைக்காரர் ஒருவர் கெடு முடிந்த நகைகளை உருக்கிக் கட்டியாக்கிவிட்டால் வாய் அடைத்துவிடும் என்று உருக்கினார். அந்தக் கட்டி அன்று சாயங்காலம் எல்லாப் பெயர்களையும் ஒரே குரலில், மூச்சு விடாமல், ஒன்றன்மேல் ஒன்றாகக் கூப்பிட்டது. அதைக் கேட்டவர்கள் ரெண்டு நாள் சாப்பிடவில்லை. அந்தக் கடை அப்புறம் திறக்கவில்லை.

வேடிக்கையாக இருந்தது, ஆம்பிளைகள் காது கொடுக்க ஆரம்பிக்கும்வரைதான். பீரோவில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்த வளையல் பஜாரில் நின்று பெண்டாட்டியின் பெயரைச் சொல்லக் கேட்டவர்கள் முகம் செத்துப்போய் வீட்டுக்கு வந்தார்கள். மேலத்தெரு பஞ்சவர்ணத்தின் புருஷன் "மைனாக்குஞ்சு" என்ற பெயரைக் கேட்டுவிட்டு, அவளைத் தெருவில் இழுத்துப் போட்டு, அவள் எதற்கு வைத்தாள் என்றுகூடக் கேட்காமல் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டான். அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் வைத்தாள் என்பது ஊருக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. சிலர் அவசர அவசரமாக நகையைத் திருப்ப, போனில் ஐந்து நிமிஷத்தில் பணம் தருகிறவர்களிடம் வாங்கினார்கள்; அப்புறம் நகை கூப்பிடவில்லை, போன் கூப்பிட்டது, அது விடிய விடியக் கூப்பிட்டது. சிலர் நாலு ஊர் தள்ளிக் கொண்டுபோய் மாற்றி வைத்துவிட்டு வந்தார்கள். காற்று அந்தப் பக்கமிருந்து அடிக்கும்போது லேசாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

அப்புறம் ஒரு காரியம் நடந்தது, யாரும் முடிவு பண்ணி நடக்கவில்லை. சுண்டங்குளத்தில் செல்லப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது நின்றுபோயிற்று. இன்னார்தான் சிட்டு, இன்னார்தான் கருவண்டு என்று அடுத்த வீட்டுக்குத் தெரிந்துவிடக்கூடாதே என்று, தாய்மார்கள் இடுப்பில் இருக்கிற பிள்ளையைக்கூடப் பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி முழுப் பெயர் சொல்லி அதட்டினார்கள். புருஷன்மார் பெண்டாட்டிகளை எந்தப் பெயரும் சொல்லாமல் கதவைத் தட்டிக் கூப்பிட்டார்கள். வீடுகளுக்குள் இருந்த கொஞ்சல் எல்லாம் வெளியேறி, வட்டிக்கடைப் பெட்டிக்குள் மட்டும் மிச்சமிருந்தது. ஊர் அப்படிக் கிடந்தது.

வடிவுக்கு வேலை ஓடவில்லை. தளவாய் லாரியிலிருந்து வந்து நின்ற நாட்களில், சாயங்காலம் ஆனால் அவனுக்குத் தலைவலிக்கிறதா என்று கேட்டாள், வெந்நீர் போட்டாள், பணியாரம் சுட்டாள், டிவியைச் சத்தமாக வைத்தாள், எப்படியோ அவனைப் பஜார் பக்கம் போகவிடாமல் இருட்டவைத்தாள். "என்னடி, புது மாப்பிள்ளைய கவனிக்க மாதிரி கவனிக்க" என்று அவன் கேலி பண்ணினான். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு வாயோடு சரி. அவன் மறுபடி லோடு ஏற்றிப் போன அன்றைக்கு, பஜார் ஓய்ந்து கிடந்த மத்தியானத்தில் வட்டிக்கடைக்குப் போனாள்.

"அண்ணாச்சி, அந்தச் சங்கிலிய மட்டும் வேற எங்கயாவது வைக்க முடியாதா? கிணத்துல போட்டாக்கூடச் சரிதான்."

ஆறுமுகநயினாருக்குத் தாடி வளர்ந்து, கண் குழி விழுந்திருந்தது. "நீ எடுத்துட்டுப் போயிரு தாயி. வட்டிகூட வேண்டாம், அசலக் கொண்டா. என் வீட்டுக்காரி பயந்து அவ அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா. ராத்திரி கண்ண மூடினா யாரோ கூப்பிடுத மாதிரியே இருக்கு. ஊரு பூரா பிள்ளைகளக் கடத்தி வச்சிருக்கவன் மாதிரி இருக்கேன் நான்."

"அசலுக்கு எங்க போவேன் அண்ணாச்சி."

"எல்லாரும் அதத்தான் சொல்லுதாக" என்றார் அவர். அப்புறம் வடிவு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

ஆவணி பிறந்ததும் உலகம்மாள் மும்பையிலிருந்து போன் பண்ணினாள். மகராசி சென்னையில் பார்க்கிற வேலையிலிருந்து கல்யாணத்துக்கு முந்தின வாரம் நேராக வந்துவிடுவாள், நான் இப்போதே ரயில் ஏறுகிறேன் என்றாள். தளவாய் நாக்பூர் பக்கத்தில் எங்கேயோ இருந்தான். வடிவுதான் ரயிலடிக்குப் போக வேண்டியிருந்தது. ரயில் நேரத்துக்கு வந்திருந்தால் வெயில் இருக்கும்போதே வீட்டுக்குப் போயிருக்கலாம். அது எங்கேயோ நின்று, யோசித்து, பொழுது சாய்கிற நேரத்துக்கு வந்து சேர்ந்தது.

"மைனி, ஒரு டீ குடிச்சிட்டுப் போவோம்" என்றாள் வடிவு.

"ரயில்ல குடிச்ச டீயே நெஞ்சுல நிக்கி. நட."

"கால் வலிக்கும், கொஞ்சம் உக்காந்து..."

"வண்டியில ரெண்டு நாளா உக்காந்துதான வந்தேன். என்னட்டி ஆச்சு ஒனக்கு?"

ஆட்டோக்காரனிடம் வடிவு மெதுவாக, பஜார் வழி வேண்டாம், கண்மாய்க் கரை வழியாகப் போ என்றாள். அவன் ஒன்றும் கேட்கவில்லை. அந்த மாதிரி சொல்லாத சவாரி அப்போது ஊரில் கிடையாது. கரைமேல் ஆட்டோ குலுங்கிக் குலுங்கிப் போனது. உலகம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எதற்கு இப்படிச் சுற்றிக்கொண்டு போகிறான் என்றாள். பஜாரில் ரோடு போடுகிறார்கள் என்று வடிவு சொன்னாள். சொல்லும்போது காற்று திரும்பி, வேலிக்கருவைகளுக்கு மேலாக, குரல்களின் இரைச்சல் லேசாக வந்தது. உலகம்மாள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். "எங்க கொடை நடக்கு?" என்று மட்டும் கேட்டுவிட்டு, உலகம்மாள் தலை முடியை ஒதுக்கிக்கொண்டாள்.

அன்றைக்கு ராத்திரி தப்பித்தாயிற்று. காலையில் உலகம்மாள் தன் வீட்டைத் திறந்து கூட்டி, மெழுகி, கல்யாணச் சாமான்களைக் கணக்குப் பார்த்து, சாயங்காலமாகத் தம்பி வீட்டுக்கு வந்தாள். வடிவு அப்பளம் பொரித்துப் போட்டாள். உலகம்மாள் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, "சங்கிலிய எடு, ஒரு தடவ பாத்துக்கிடுதேன்" என்றாள்.

வடிவு பீரோவைத் திறந்தாள். பட்டுத்துணியை எடுத்தாள். அந்த இடத்தில், ஒரு பொய்யை இன்னும் கொஞ்ச நாளைக்கு ஓட்டிவிடலாம் என்றுதான் அவளுக்குத் தோன்றியது, கவரிங் நல்ல கவரிங், வெளிச்சம் மங்கிவிட்டது, மைனிக்குக் கண்ணாடி போட்டால்தான் தெரியும், கல்யாணம் முடியட்டும், அதற்குள் ஏதாவது நடக்கும், சீட்டு விழும், மாரித்தாய் திரும்பி வருவாள், உலகம் முடிந்துபோகும். துணியை நீட்டினாள். உலகம்மாள் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்து, "பொழுது இருக்கு. அப்படியே பஜாருக்கு நடந்து தாம்பூலப் பைக்குச் சொல்லிட்டு வந்துருவோமா" என்று எழுந்தாள்.

வடிவு வாசலை மறித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தாளா விழுந்தாளா என்று அவளுக்கே தெரியாது. "போகாதீங்க மைனி, அது கவரிங் மைனி, ஒங்க சங்கிலி அடகுக் கடையில இருக்கு, மாரித்தாய்க்கு நான்தான் கையத் தூக்கினேன், அவ ஓடிட்டா, எல்லாரும் வாசல்ல வந்து உக்காந்துட்டாக, ஒங்க தம்பி வந்தா என்ன நெனப்பாகன்னு நான் எடுத்துட்டுப் போயிட்டேன், வட்டி கட்டுதேன், விடாமக் கட்டுதேன், அசல்தான் கூடல, அவுகளுக்குத் தெரியாது, ஒங்க காலப் பிடிக்கேன், மகராசி கல்யாணத்துக்குள்ள என்னால முடியாது மைனி" என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டு, அடிக்காகக் காத்திருந்தாள். பஞ்சவர்ணம் தெருவில் கிடந்தது கண்ணுக்கு முன்னால் வந்தது.

உலகம்மாள் பேசியபோது குரல் அடித்தொண்டையில் இருந்தது.

"எங்கம்மா சங்கிலிய, ஊரான் வீட்டுப் பொம்பளைக்காக வச்சிட்ட."

"ஆமா மைனி."

"எனக்கு ஒரு போனு பண்ணணும்னு தோணல."

"பயமா இருந்திச்சு."

"என்னப் பாத்தா?"

வடிவு ஆமாம் என்று தலையாட்டினாள். பொய் சொல்லத் தெம்பு இல்லை. உலகம்மாளின் முகம் இன்னும் கடுத்தது. "வழிய விடு. நான் பஜாருக்குப் போய் அவன்ட்டயே கேட்டுக்கிடுதேன்" என்றாள்.

"இப்ப போகாதீங்க. அது... கூப்பிடும் மைனி."

"எது?"

"சங்கிலி. வச்ச நகையெல்லாம் இந்நேரத்துக்குக் கூப்பிடுது, ஆடியிலிருந்து. ஊரே உக்காந்து கேக்கு. ஒங்க சங்கிலி ஒங்களக் கூப்பிடுது."

ஊருக்கு ஒரு மாதமாகப் பழகிப்போன சங்கதி என்பதால் வடிவு அதை எப்படி நம்பவைப்பது என்று கவலைப்படவில்லை; உலகம்மாளும் நம்பமாட்டேன் என்று சொல்லவில்லை. "என்னன்னு கூப்பிடுது?" என்று மட்டும் கேட்டாள்.

வடிவு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "குப்பாச்சின்னு."

அந்தப் பெயரை உலகம்மாள் காதால் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகி, தலையும் நரைத்துவிட்டது. கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. அந்த முகத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று வடிவுக்குப் புரியவில்லை, அதனால் இன்னும் பயந்தாள். "எந்திரி" என்றாள் உலகம்மாள். "வா எங்கூட."

தெருவில் அவள் வேகமாக நடந்தாள், வடிவு பின்னால் ஓடினாள். ஊர் கூடியிருக்கிற இடத்தில் வைத்து மானத்தை வாங்கப் போகிறாள், அப்புறம் நேராக அம்மா வீட்டு பஸ்தான் என்று நினைத்துக்கொண்டே ஓடினாள். பஜாரில் நாற்காலிகள் நிறைந்திருந்தன. வடை வெந்துகொண்டிருந்தது. வட்டிக்கடைக்குள்ளிருந்து ராசுக்குட்டியும் கருவண்டும் பப்புளியும் மைனாக்குஞ்சும் முறை வைத்துப் புறப்பட்டு வந்தன. உலகம்மாள் எல்லோருக்கும் முன்னால் போய்க் கடைவாசலில் நின்றாள். அவளைப் பார்த்ததும் பெண்கள் பழக்க தோஷத்தில் சேலையைச் சரி பண்ணிக்கொண்டார்கள்.

"குப்பாச்சி..." என்றது சங்கிலி. "ஏ குப்பாச்சி... எங்க போய்த் தொலைஞ்ச..."

உலகம்மாள் வாய்விட்டு, பஜார் முழுக்கக் கேட்க, "ஏன்ம்மா, இந்தா இருக்கேன்" என்றாள்.

டீக்கடைக்காரன் கரண்டியைப் போட்டுவிட்டான். ஒரு கிழவி, ஐயோ பதில் சொல்லிட்டாளே என்று தலையில் அடித்துக்கொண்டாள். பிள்ளைகளை மடிக்குள் இழுத்துப் பொத்தினார்கள். கூப்பிட்டது இப்போது வெளியே வரும், பதிலைப் பிடித்துக்கொண்டு வரும் என்று எல்லோரும் கடைவாசலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒன்றும் வரவில்லை. குப்பாச்சி என்று கூப்பிட்ட குரல், தேடின பிள்ளை கிடைத்துவிட்ட நிம்மதியில், ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு அடங்கிப்போயிற்று. மற்ற குரல்கள் கூப்பிட்டுக்கொண்டிருந்தன.

"என் பேருதான் குப்பாச்சி" என்று உலகம்மாள் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிச் சொன்னாள். "எங்கம்மா சங்கிலி. அடகுல இருக்கு. இப்ப என்ன?"

கடைவாசலிலேயே தினமும் உட்கார்ந்து, ஆடியிலிருந்து ஒரு நாள்கூடத் தலை நிமிராமல் பூக்கட்டிக்கொண்டிருந்த சொர்ணம், நாரைப் பல்லில் கடித்துக்கொண்டே, "ஏன், நாந்தான் சிட்டு" என்றாள். பெட்டிக்குள் அவள் மூக்குத்தி அடங்கியது. அவள் அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள், "எங்க வீட்டுக்காரரு கூப்பிடுத பேரு" என்றாள். மிலிட்டரியிலிருந்து ஓய்வு பெற்று வந்த பெரிய மனுஷர் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கருவண்டு நான்தான் என்று இங்கிலீஷ் கலந்து சொன்னார். அப்புறம் ஒருவர் மாற்றி ஒருவர் எழுந்தார்கள். புருஷனுக்குத் தெரியாமல் வைத்தவள் புருஷனுக்குப் பக்கத்திலிருந்தே பதில் சொன்னாள். சில புருஷன்மார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், சிலர் எவ்வளவுக்கு என்று கேட்டார்கள், ஒருவன், என்னுடைய மோதிரமும் உள்ளேதான் இருக்கிறது என்றான். எல்லோரும் எழுந்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. மைனாக்குஞ்சு கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. பப்புளியும் இன்னும் பத்துப் பதினைந்து நாள் கூப்பிட்டது.

உலகம்மாள் ஆறுமுகநயினாரிடம் நின்று பேசினாள். அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, இதுவரை கட்டினது எவ்வளவு என்று வடிவைப் பக்கத்தில் நிறுத்திவைத்துக் கேட்டாள். வாயால் சொல்லிக் கேட்டபோது அது ஒரு தொகை, அவ்வளவுதான். பெரிய தொகை, இந்த வருஷம் முடியாது, அடுத்த வருஷக் கடைசியில் முடியலாம். இத்தனை நாளும் வடிவு வயிற்றில் தூக்கிச் சுமந்தது அந்தத் தொகையைவிடப் பெரிதாக இருந்தது. வட்டியைக் குறைத்துக்கொள்கிறேன் என்று ஆறுமுகநயினார் தானாகவே சொன்னார், அவருக்குத் தூக்கம் வந்துகொண்டிருந்தது.

"கல்யாணத்துக்கு மகராசி கவரிங்கப் போட்டுட்டு நிக்கட்டும்" என்றாள் உலகம்மாள், திரும்பி நடக்கும்போது. "மாப்பிள்ள வீட்டுல கேட்டா நானே சொல்லிக்கிடுதேன். அவுக நகையெல்லாம் எங்க இருக்குன்னு அவுகளுக்குத் தெரியாமலா இருக்கும்."

"சரி மைனி."

"தம்பி வந்ததும் நீயே சொல்லு. நான் சொல்லமாட்டேன். பக்கத்துல வேணா இருக்கேன்."

"சரி மைனி."

"ஒம் மேல கோவம் தீரல எனக்கு. தீரும்போது சொல்லுதேன்."

வடிவுக்குப் பயம் போய்விட்டது என்று சொன்னால் அது கதை. தளவாய் வர வேண்டும், அவனிடம் சொல்ல வேண்டும், வட்டி கட்ட வேண்டும். ஆனால் ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவளுக்குப் பசித்தது. தெருமுக்கில் உலகம்மாள் நின்றுவிட்டாள். பஜார் பக்கம் திரும்பி, அங்கேயிருந்து வருகிற குரல்களை, அதில் இல்லாமல்போன ஒன்றைத் தேடுகிற மாதிரி, கேட்டுக்கொண்டு நின்றாள்.

"என்ன மைனி?"

"அவசரப்பட்டுட்டேன்ட்டி."

"எதுக்கு?"

"உடனே ஏன்னு கேட்டுட்டேன். எங்கம்மாவ இன்னும் ரெண்டு தடவ கூப்பிட விட்டுருக்கலாம்."

சொல்லிவிட்டு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு முன்னால் நடந்தாள். தெரு விளக்கு இன்னும் போடவில்லை. வடிவு பின்னால் வந்துகொண்டிருந்தாள். அந்தக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து உலகம்மாளுக்கு எதிரே அவள் உரக்கப் பேசினதில்லை, உட்கார்ந்து பேசினதில்லை. வட்டிக்கடைப் படியை முதல் தடவை மிதித்தபோதுகூட இப்படிப் பயந்ததில்லை.

"குப்பாச்சி மைனி" என்று கூப்பிட்டாள்.

உலகம்மாள் திரும்பவில்லை, பதில் சொல்லவும் இல்லை, நடையை மட்டும் தளர்த்திக்கொண்டாள். வடிவு இன்னொரு தடவை கூப்பிட்டாள். மூன்றாவது தடவை கூப்பிட்ட பிறகுதான் உலகம்மாள், "ஏன்" என்றாள்.